கனவு மாறிக்கொண்டே இருக்கிறது, வீட்டுப் பொறுப்பு ஒரு பக்கம், 'என்னால் முடியுமா' என்ற சந்தேகம் ஒரு பக்கம். எப்படி விடாமல் பிடித்துக்கொள்வது?

கனவு மாறுவதை ஏன் குறையாக நினைக்கிறீர்கள்? பள்ளியில் படிக்கும்போது எனக்குப் பத்திரிகையாளர் ஆக ஆசை. குழந்தை பிறந்த பிறகு அந்த ஆசை தானாகவே வடிந்து, மொழிபெயர்ப்பில் மனம் போனது. இப்போது சிறுவர்களுக்குக் கதை எழுதுகிறேன். "எதிலும் நிலையா நிக்க மாட்டேங்கிற" என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு மூன்றும் ஒன்றுதான்: எனக்குப் பிடித்ததை இன்னொருவர் மனதில் படும்படி சொல்ல வேண்டும். உங்கள் பழைய கனவுகளில் வேலையின் பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் இருப்பது பெரும்பாலும் மாறியிருக்காது.

எனக்குத் தெம்பு தருபவர் மேரி சோமர்வில், 1780இல் பிறந்த ஸ்காட்லாந்து அறிவியல் எழுத்தாளர். ஓவியம் கற்றுக்கொண்டிருந்தபோது ஆசிரியரின் பேச்சு காதில் விழுந்துதான் பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட்டின் வடிவியல் பக்கம் திரும்பினார். இரவில் படிக்கக் கூடாதென்று வீட்டில் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டார்கள். இருட்டில் மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டார். பிறகு கல்யாணம், குழந்தைகள், முதல் கணவரின் மரணம். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் வானியலை ஆங்கிலத்தில் விளக்கிய அவருடைய நூல் 1831இல் வந்தபோது அவருக்கு வயது 50. அதை எழுதும்போதும் விருந்தாளிகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். பாதியில் எழுந்து போய், திரும்பி வந்ததும் விட்ட இடத்தில் தொடரப் பழகிக்கொண்டார்.

நம் வீடுகளிலும் இதே கதைதான். மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருந்தால் "சும்மாதானே இருக்க" என்றுதான் கண்ணில் படுகிறது. 'நேரம் கிடைக்கும்போது' என்று நான் சொன்னவரை அந்த நேரம் வரவே இல்லை. அப்புறம் "ஒன்பதிலிருந்து பத்து வரை என்னைக் கூப்பிடாதீங்க" என்று தெளிவாகச் சொன்னேன். ஆரம்பத்தில் சீப்பு எங்கே, சார்ஜர் எங்கே என்று வாசலில் வந்து நின்றார்கள். திரும்பாமலே "பத்து மணிக்குச் சொல்றேன்" என்பேன். கொஞ்ச நாளில் அவர்களே தேடி எடுத்துக்கொண்டார்கள். உள்ளுக்குள் குற்ற உணர்வு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் எழுந்து போகவில்லை.

சந்தேகம் தீர்ந்த பிறகு தொடங்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். தன்னம்பிக்கையை ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதியதும் இதுதான்: நம்மால் முடியும் என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஊற்று, நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். அடுத்தவர் பாராட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு பக்கம் எழுதி முடித்த நாளில் என் சந்தேகத்தின் குரல் தாழ்ந்துதான் ஒலிக்கும்.

வீட்டில் கனவு முழுவதையும் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டியதில்லை. அது மாறிக்கொண்டிருக்கும்போது உங்களாலேயே விளக்க முடியாதே. அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் கேளுங்கள். கிடைத்ததும் அந்த நேரத்தில் துணி மடிக்க உட்கார்ந்துவிடாதீர்கள்.