பழைய ரிவால்வர் வாங்கும் முன் கைப்பிடியைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை நடத்துகிறேன். ரிவால்வருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. தஞ்சாவூரில் இருக்கும் அப்பாவின் நண்பர், வயது 78, தன்னிடமுள்ள, கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 (அங்குல அளவு) ரிவால்வரை எனக்கே கொடுத்துவிடுகிறேன் என்கிறார். வாங்கி 25 வருடம் ஆகிறதாம், 10 தோட்டா கூடச் சுட்டதில்லையாம். பார்க்கப் புதுசு போலத்தான் இருக்கிறது. மிச்சமிருக்கும் 30 தோட்டாவையும் சேர்த்தே தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? எந்தத் தோட்டா போடுவது? மேக்னம் தோட்டா கிடைத்தால் அதுதான் நல்லது என்கிறார் ஒரு நண்பர்.

பதில்: பெரியவர் சொல்வதை நம்புகிறேன். ஆனால் 10 தோட்டா கூடச் சுட்டதில்லை என்ற இடத்தில்தான் எனக்கு யோசனை வருகிறது. நம் பக்கத்து லைசென்ஸ் துப்பாக்கிகள் சுட்டுத் தேய்வதே இல்லை. பீரோவுக்குள் தோலுறையோடு கிடந்தே கெட்டுப்போகின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சுவர் ஓதம் ஏறி நிற்கும் வீட்டில், நனைந்த துணி மூன்று நாளானாலும் காயாத வீட்டில், இரும்பு மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்? அந்த ரிவால்வர் எத்தனை தோட்டா சுட்டது என்பதை விட, எத்தனை மழைக்காலத்தை எந்த அறையில் கழித்தது என்று கேட்பதுதான் உங்களுக்கு உதவும்.

பல வருடமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். கஜா புயல் அடித்து, அதாவது 2018 நவம்பருக்குப் பிறகு, இரண்டு வருடம் கழித்து வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு .32 வந்தது. மேலே பளபளவென்று இருந்தது. வாங்க வந்தவர் பணத்தோடு நின்றார். நான் கைப்பிடித் தகட்டின் ஒற்றைத் திருகைக் கழற்றினேன். உள்ளே மிளகாய்த்தூள் கொட்டியது போலச் செம்பழுப்பாகத் துரு. மெயின் ஸ்பிரிங்கின் மேல் நகத்தால் கீறினால் குழி தட்டுகிறது. புயல் தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்திருக்கிறது. வெளியே துடைத்து எண்ணெய் போட்டவர்கள் உள்ளே திறந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு, கைப்பிடியைக் கழற்றாமல் எந்தப் பழைய துப்பாக்கியைப் பற்றியும் நான் வாய் திறப்பதில்லை. நீங்களும் பெரியவரிடம் அனுமதி கேட்டு, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலேயே வைத்து, அந்தத் திருகைக் கழற்றச் சொல்லுங்கள். அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகுத் தலை சிதைந்திருந்தால், முன்பே யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பார்க்கத் தொடங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று. திறந்து, தோட்டா போடும் 6 அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவுங்கள். கொடுப்பவர் பார்த்திருந்தாலும் நீங்கள் பாருங்கள்.

பழைய கான்பூர் ரிவால்வர் பழைய ஆங்கிலேய ரிவால்வரான வெப்ளி மாதிரி, நடுவில் மடங்குவது. கட்டைவிரலால் பூட்டை அழுத்தினால் பேரல், அதாவது குண்டு வெளியேறும் குழல், முன்பக்கம் சாயும், நட்சத்திர வடிவத் தகடு எழும்பித் தோட்டா உறைகளை வெளியே தள்ளும். இந்த மாதிரியின் உயிர் அந்தப் பூட்டிலும் கீலிலும்தான் இருக்கிறது. மூடிய பிறகு பேரலை ஒரு கையிலும் பிடியை ஒரு கையிலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். டக் டக்கென்று ஆடினால் வேண்டாம். சினிமாவில் பார்த்துவிட்டு ஒரு கையால் வீசி மூடுபவர்கள் இருக்கிறார்கள். பூட்டு தேய்வதற்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை.

அடுத்து சிலிண்டர், அதாவது 6 அறையும் உள்ள சுழலும் உருளை. ஹேமரை, அதாவது தோட்டாவை அடிக்கும் பின்பக்கச் சுத்தியை, மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள், இன்னொரு கையின் விரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்துக்கொள்ளுங்கள். ஹேமர் முழுவதும் ஏறி நிற்பதற்குள் சிலிண்டர் ‘க்ளிக்’ என்று தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். 6 அறைக்கும் இப்படியே. ஏதாவது ஓர் அறை பூட்டாமல் பின்தங்கினால், சுடும்போது குண்டு பேரலின் வாயில் நேராக நுழையாது. ஓரத்தில் இடித்து ஈயத்தைச் சீவிக்கொண்டு போகும், அந்தச் சீவல் பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும். ஹேமர் ஏறி நிற்கும்போது பின்னாலிருந்து கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்தித் தள்ளுங்கள். விழக்கூடாது. விழுந்தால் அந்த ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி கால் மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் அதிகம். பேரலுக்குள் பின்பக்கமிருந்து ஒரு சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். சுருள் கோடுகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால், எப்போதோ ஒரு குண்டு உள்ளே மாட்டி, அதன் பின்னாலேயே அடுத்ததையும் சுட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் இரும்பு வீங்கியிருக்கும். பேரலின் வெளியே விரலை ஓட்டினாலே சில சமயம் மேடு தட்டுப்படும்.

ட்ரிக்கர் கனமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அந்த ரிவால்வர்களின் சுபாவமே அப்படித்தான். ஸ்பிரிங்கை வெட்டி இலகுவாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அடி பலவீனமாகி, தேவைப்படும் நேரத்தில் தோட்டா வெடிக்காமல் போகும்.

சீரியல் நம்பர் பெரியவரின் லைசென்ஸில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம்பர் இருக்கும் இடம் தேய்க்கப்பட்டதாக, திரும்பப் பொறிக்கப்பட்டதாகத் தோன்றினால் கையில் கூட வாங்காதீர்கள்.

இனி கைமாறும் விதம். இதில் சொந்தம், பழக்கம் என்ற தாட்சண்யம் எதுவும் செல்லாது. ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆம் பிரிவுப்படி, தன் துப்பாக்கியை இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்க நினைப்பவர், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். அதுவரை ரிவால்வர் பெரியவரிடம்தான் இருக்க வேண்டும். ‘வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று எடுத்துப் போவது கூட, உங்கள் லைசென்ஸில் ஏறாத ஆயுதத்தை வைத்திருந்த குற்றமாகிவிடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 2 முதல் 5 வருடம் வரை சிறை. கடிதத்துக்கு ஒப்புகை வாங்குங்கள். 45 நாள் முடிந்ததும் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, அவர் லைசென்ஸிலிருந்து நீக்கி உங்கள் லைசென்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்களுடையதில் தனி அடையாள எண் இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அலைச்சல் வேண்டாம் என்றால் ஆயுதக் கடை மூலமாகவே மாற்றலாம். கடைக்காரர் கொஞ்சம் கமிஷன் எடுப்பார், ஆனால் பதிவேடு சரியாக இருக்கும்.

அப்புறம் தோட்டா. உங்கள் கேள்வியில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

கடையில் போய் ‘முப்பத்திரண்டு கொடுங்கள்’ என்று கேட்டால் இரண்டு விதமான தோட்டா வரலாம். ஒன்று ரிவால்வருக்கானது, .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். நீளமான பித்தளை உறை, அடியில் வெளியே நீட்டிய விளிம்பு, முனையில் சாம்பல் நிற ஈயம். இன்னொன்று பிஸ்டலுக்கானது, .32 ஏசிபி. குட்டையானது, பெரும்பாலும் செம்பு நிற உறை போட்ட குண்டு. நம் நாட்டில் தயாராகும் அசானி பிஸ்டல் இதைத்தான் சுடும். சிக்கல் என்னவென்றால், இந்தப் பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர் அறைகளில் நுழைந்து உட்கார்ந்துவிடும். ரிவால்வர் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட அழுத்தத்தின் உச்சவரம்பு ஒரு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. நடுவில் மடங்கும் பழைய பூட்டு தாங்கவேண்டிய பாரம் அது அல்ல. உங்கள் நண்பர் சொல்லும் .32 மேக்னம் அதையும் தாண்டிப் போகும். உறை லாங்கை விட நீளம், ஆனால் குறுக்களவு ஒன்றுதான். அறையைத் தாராளமாகக் கடைந்திருக்கும் ரிவால்வரில் அதுவும் உள்ளே போய்விடும். நுழைகிறது என்பதற்காக எதையும் போடாதீர்கள். பேரலில் என்ன பொறித்திருக்கிறதோ அதே பெயர் தோட்டாப் பெட்டியிலும் இருக்க வேண்டும். நண்பர் அக்கறையாகத்தான் சொல்லியிருப்பார், ஆனால் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஆக, உங்களுக்குரியது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், உருண்டை முனை ஈயக் குண்டு. நம் நாட்டில் இது புனே பக்கத்துக் கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலையின் சரக்கு, உறையின் அடியில் கே.எஃப். என்று பொறித்திருக்கும். குண்டின் எடை 98 கிரெய்ன், நம் கணக்கில் ஆறு கிராம் சொச்சம். மெதுவான தோட்டா, உதைப்பு குறைவு. அதனால்தான் 3 அங்குலத்துக்கும் குறைவான பேரல் உள்ள சின்ன ரிவால்வரிலும் கையை விட்டு எகிறாது. தட்டை முனைத் தோட்டா கிடைத்தால் அதையும் போடலாம். போட்டிகளில் சுடுபவர்கள் விரும்புவது அதைத்தான், அட்டையில் துளை சுத்தமாக விழும். யாரோ மருந்து நிரப்பித் தரும் தோட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஆபத்தும் கூட, சட்டவிரோதமும் கூட.

பெரியவரின் 30 தோட்டாவை வாங்காதீர்கள். தோட்டா கைமாறுவதற்கும் அதே 5-ஆம் பிரிவுதான். அதை விட முக்கியம், அவை அந்தப் பீரோவில் 25 மழைக்காலம் இருந்தவை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தோலுறையின் வாரில் செருகி வைத்திருந்தால், வார் பட்ட இடத்தில் வளையமாகப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், நம் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கில் பிடிப்பது போல. ஈரம் இறங்கிய தோட்டா வெடிக்காமல் போனால் கூடப் பரவாயில்லை. அரைகுறையாக வெடிப்பதுதான் மோசம். ‘டப்’ என்பதற்குப் பதில் ‘பொத்’ என்று ஒரு சத்தம், கையில் உதைப்பே இருக்காது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கும். அப்படி ஒரு சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள், அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். அரை நிமிடம் முனையைப் பத்திரமான திசையிலேயே பிடித்திருந்து, பிறகு காலி செய்து, கடைக்கு எடுத்துப் போங்கள். மேலே சொன்ன கறுப்பு வளையம் இப்படித்தான் உண்டாகிறது. அந்த 30-ஐயும் பெரியவர் பெயரிலேயே கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள்.

புதுத் தோட்டாவை உங்கள் லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குள் வாங்குங்கள். பெட்டியின் மேல் தயாரித்த வருடம் பார்த்து வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். தோட்டாவுக்கு எண்ணெய் போடவே கூடாது. அடியில் நடுவே உள்ள கேப் வழியாக எண்ணெய் கசிந்து இறங்கினால் மருந்து செத்துவிடும். வருடத்துக்கு ஒரு பகுதியைச் சுட்டுத் தீர்த்துப் புதிதாக வாங்குவது நல்ல பழக்கம். ஆனால் தென்னந்தோப்பில் வைத்துச் சுட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம். திருச்சியில் ரைபிள் கிளப் இருக்கிறது, சொந்த ரிவால்வரைக் கொண்டுவந்து சுட அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2 வருடம் வரை சிறையோ, 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

நீங்கள் ஆலைக்காரர் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். தவிட்டுத் தூசு எண்ணெய்ப் பசை உள்ளது. ஆலை அலுவலக மேசை டிராயரில் வைத்தால், அந்தத் தூசு உள்ளே இறங்கி, ஈரத்தையும் இழுத்து, பிசின் போல ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் போடுபவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், நாளாக நாளாகக் கெட்டுப் பிசுபிசுத்துவிடும். துப்பாக்கிக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு போதும். மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒரு முறை துடையுங்கள். தோலுறை இடுப்பில் கட்ட மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் உருவி, துடைத்து, சுவரில் பதித்த பூட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். தோட்டா வேறு பெட்டியில், இரண்டு சாவியும் உங்களிடம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதில் ஒரு நாள் கூடத் தவறக்கூடாது.

தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்றரை, இரண்டு மாதம் துணியில் சுற்றிக் கிடக்கும். கொடுக்கும் முன் உள்ளும் புறமும் எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல்லோடு கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, சீரியல் நம்பரோடு ரசீது வாங்குங்கள். திரும்பி வந்த அன்றே திறந்து துடையுங்கள், மறுநாளைக்கு என்று வைக்காதீர்கள்.

இடுப்பில் தோட்டாவோடு வைத்திருக்கும்போது, கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி ஹேமரைத் தடுக்கும் அமைப்பு உங்கள் ரிவால்வரில் சரியாக வேலை செய்கிறது என்று பழுது பார்ப்பவர் பார்த்துச் சொல்லும் வரை, ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு 5 தோட்டா மட்டும் போடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, 2014-இல் வந்த 500 கிராம் எடையுள்ள நிர்பீக், 2023-இல் வந்த பக்கவாட்டில் திறக்கும் பிரபல் என்று புதுசுகளும் இதே .32-இல் இருக்கின்றன. நிர்பீக் அறிமுக விலையே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். உங்கள் பெரியவர் எவ்வளவு கேட்கிறார் என்று எழுதவில்லை. கடையில் கைப்பிடியைக் கழற்றிய பிறகு உள்ளே ஸ்பிரிங் நீலக் கறுப்பாக, குழி இல்லாமல் இருந்தால், பேரம் பேசாமல் கூட வாங்கலாம். துரு தெரிந்தால், அவர் மனம் நோகாமல் சொல்லிவிட்டு, அதைக் கடையிலேயே ஒப்படைக்க அவருக்குத் துணையாகப் போய்வாருங்கள். இந்த வயதில் அவர் தனியாக அலைய வேண்டாம்.