லாச்சின் சாலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

2023 செப்டம்பரில் கரபாக்கிலிருந்து ஆர்மீனியர்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறியதைச் செய்திகளில் பார்த்தேன். அது கிறிஸ்தவ ஆர்மீனியாவுக்கும் முஸ்லிம் அசர்பைஜானுக்கும் இடையிலான மதப்போர் என்கிறார்கள் நண்பர்கள். அப்படித்தானா? இத்தனை ஆண்டுப் பேச்சுவார்த்தையில் ஏன் எதுவுமே கைகூடவில்லை?

செ.

அன்புள்ள செ.,

மதத்தை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. துருக்கியும் அசர்பைஜானும் எல்லையை அடைத்தபோது ஆர்மீனியாவுக்குத் தெற்கே திறந்திருந்த ஒரே வாசல் ஷியா நாடான ஈரான். அசர்பைஜானுக்கு ட்ரோன் விற்ற நாடுகளில் இஸ்ரேலும் ஒன்று. வரைபடத்தை விரித்து லாச்சின் என்ற ஊரைத் தேடுங்கள். விஷயம் அங்கே இருக்கிறது.

ஆர்மீனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த மலைக் கரபாக்கை 1923இல் சோவியத் அரசு அசர்பைஜானுக்குள் தன்னாட்சி மாகாணமாக்கியது. அந்த மாகாணம் ஆர்மீனியாவைத் தொடவில்லை. நடுவே லாச்சின் மலைகள். எல்லாம் ஒரே நாடாக இருந்தவரை அந்தக் கோடு யாரையும் தடுக்கவில்லை. 1988 பிப்ரவரியில் மாகாண மன்றம் (சோவியத்), தங்களை ஆர்மீனியாவோடு சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதே மாதக் கடைசியில் அசர்பைஜானின் சும்கயித் நகரில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு பக்கமும் மக்கள் ஊரைவிட்டு ஓடத் தொடங்கினார்கள். சோவியத் உடைந்தபோது உலகம் ஏற்றது குடியரசுகளின் எல்லைகளை மட்டுமே. மாகாணத்துக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை.

போர் வெடித்தது. அசர்பைஜானின் முற்றுகையில் இருந்த கரபாக்குக்கு ஆர்மீனியாவுக்குப் போகும் சாலைதான் உயிர். 1992 மே மாதம் ஆர்மீனியப் படைகள் கரபாக்கின் மலைநகரான சுஷாவையும் பிறகு லாச்சினையும் பிடித்தன. அதற்கு முன் பிப்ரவரியில், விமான நிலையம் இருந்த கோஜாலியை எடுத்தபோது, தப்பி ஓடிய அசர்பைஜானியப் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்தக் காயம் அசர்பைஜானில் இன்றும் ஆறவில்லை. 1993இல் கெல்பஜார், அக்தாம் என்று நீண்டு, 1994 போர்நிறுத்தத்தின்போது சுற்றியுள்ள ஏழு மாவட்டங்கள் முழுதாகவோ பகுதியாகவோ ஆர்மீனியர் கையில் இருந்தன. ஆர்மீனியர்கள் அதைப் பாதுகாப்பு வளையம் என்றார்கள். அங்கிருந்து விரட்டப்பட்ட லட்சக்கணக்கான அசர்பைஜானியர்களுக்கு அது சொந்த வீடு.

பேச்சுவார்த்தை சிக்கியதும் இங்கேதான். எது முதலில்? மாவட்டங்களைத் திருப்பிக் கொடுத்தால் பேரம்பேச வேறொன்றும் மிஞ்சாது என்று ஆர்மீனியத் தரப்பு அஞ்சியது. கரபாக்கின் அந்தஸ்தை முதலில் எழுதிக் கொடுத்தால் நிலம் நிரந்தரமாகப் போய்விடும் என்று அசர்பைஜான் தலைநகர் பாகு அஞ்சியது. படிப்படியாகத் தீர்க்கலாம் என்று 1997இல் ஆர்மீனிய அதிபர் லெவோன் தெர்-பெட்ரோசியான் வெளிப்படையாகவே வாதிட்டார். சொந்த அமைச்சர்களே எதிர்த்தார்கள். 1998 பிப்ரவரியில் பதவி விலகினார். கைநழுவிய வாய்ப்புகளில் இதுவே பெரியது என்பேன். அதன்பின் காலம் எண்ணெய்ப் பணம் வந்த அசர்பைஜான் பக்கம் சாய்ந்தது.

2020இல் 44 நாள் போர்; வென்றது அசர்பைஜான். உடன்படிக்கைப்படி கரபாக்குக்கு மிஞ்சியது 5 கிலோமீட்டர் அகல லாச்சின் வழியும் 1,960 ரஷ்ய அமைதிப்படையினரும்தான். 2022 டிசம்பர் 12இல் சூழலியல் போராட்டம் என்ற பெயரில் அசர்பைஜானியர்கள் சாலையை மறித்தார்கள். 2023 ஏப்ரலில் ஹக்காரி பாலத்தருகே அசர்பைஜான் சோதனைச்சாவடி போட்டது. ரஷ்யப் படை தடுக்கவில்லை. ரொட்டிக்கும் மருந்துக்கும் மக்கள் அல்லாடினார்கள். செப்டம்பர் 19இல் அசர்பைஜான் தாக்குதலைத் தொடங்கியது, மறுநாளே கரபாக் சரணடைந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதே சாலை வழியாக வெளியேறினார்கள்.

இப்போது வழி கேட்பது அசர்பைஜான், ஆர்மீனியாவின் தென்கோடி மாகாணமான சியூனிக் வழியே, அதற்கு அப்பால் தனியே கிடக்கும் தன் நக்கிச்செவான் பகுதிக்கு. அதற்கு 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் ஒப்புதல் ஆனது. அந்தச் செய்திகளைப் படிக்கும்போது, சுங்கச் சோதனையும் கடவுச்சீட்டுச் சோதனையும் யார் கையில் இருக்கும் என்ற வரியை முதலில் தேடுங்கள்.