கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரு மகள்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பராக இருக்கிறாள். "உதைக்கத் தெரியாதவளைத்தான் அங்கே நிறுத்துவார்கள்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இதையே அவள் தொழிலாகக் கொள்ள முடியுமா?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: உறவினர்கள் சொல்வது சரியல்ல, அம்மா. சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992இல் வந்தது. அன்றுமுதல், நன்றாக உதைக்கத் தெரியாதவர் அந்த இடத்தில் நிலைக்க முடிவதில்லை. 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட கோல், பெண்கள் ஆட்டத்துக்கென்று சிறிதும் குறைக்கப்படுவதில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

தொழிலாகக் கொள்ளலாம். ஆனால் அணியில் கோல்கீப்பருக்கு இருப்பது ஒரே ஓர் இடம். அது கிடைக்கும்வரை காத்திருக்கும் மனம் வேண்டும். ஜெர்மனியின் நடீன் அங்கரர் 1996இல் நாட்டுக்காக முதன்முதலில் ஆடியபோதும், அதன்பின் பல ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரராகவே வெளியே அமர்ந்திருந்தார். முதல்நிலை கோல்கீப்பர் காயமடைந்ததால் 2007 உலகக் கோப்பையில் வாய்ப்புப் பெற்ற அவர், தொடர் முழுவதும் ஒரு கோல்கூட விடவில்லை. இறுதியாட்டத்தில் பிரேசிலின் மார்த்தா அடித்த பெனால்டியையும் தடுத்தார். 36 வயதுவரை ஆடினார். காத்திருப்பு நீண்டதாக இருந்தாலும் ஆட்டக்காலமும் நீண்டதாக அமைவது இந்த இடத்துக்கு உரிய நன்மை.

நம் நாட்டில், சென்னையில் பிறந்த அதிதி சவுகான் இங்கிலாந்தில் விளையாட்டு மேலாண்மை படித்துக்கொண்டே 2015இல் வெஸ்ட் ஹாம் மகளிர் அணியில் கோல்கீப்பராகச் சேர்ந்தார். மதுரையின் சேது அணி 2018–19 பருவத்தில் இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஆயினும் லீக் ஊதியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று உங்களுக்கு உறுதி கூற என் மனம் ஒப்பவில்லை. சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் ஒதுக்கீடு உண்டு. இந்திய அணிக்கு நடுக்கள ஆட்டக்காரராக ஆடிய கடலூர் இந்துமதி, காவல் உதவி ஆய்வாளராகவும் பணியில் சேர்ந்தவர். எனவே படிப்பை நிறுத்த வேண்டாம், ஆட்டத்தையும் நிறுத்த வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வேலூர்ப் பக்கத்து மைதானங்களின் காய்ந்த தரையில் பாய்ந்து விழப் பழகினால் இடுப்பும் முழங்கையும் தோலுரிந்துவிடும். பாலாற்று மணலிலோ புல்தரையிலோ முதலில் மண்டியிட்டு, பிறகு குந்தி, அதன் பின்னரே நின்று விழப் பழகட்டும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் அருகில் இருப்பதால் தோல் கையுறைதான் உறுதியானது என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். பந்தைப் பற்றும் உள்ளங்கைப் பகுதி லேடெக்ஸ் நுரையால் ஆனதாக இருக்க வேண்டும். ஆடும் முன் அதைச் சிறிது நனைத்துக்கொள்ளட்டும். துவைத்த பின், கொடியில் வெயில்படப் போட்டால் வெடித்துவிடும் என்பதால், வீட்டுக்குள் நிழலில் காயவையுங்கள்.