கன்வல்யூஷனில் யார் திருப்பிப் போட்டது?

அன்புள்ள சார்,

நான் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) இரண்டாம் ஆண்டு. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பரில் கன்வல்யூஷன் கணக்கு போட்டுவிடுவேன். ஆனால் ஒரு சிக்னலைத் திருப்பிப் போட்டு, நகர்த்தி, பெருக்கி, கூட்டுவது எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. கேட்டால் ஃபார்முலா அப்படித்தான் என்கிறார்கள். அடுத்து, சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் வேறு வருகிறது. எங்கே தொடங்குவது?

கே.

அன்புள்ள கே.,

நானும் இந்தப் பேப்பரில் அரியர் வைத்தவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: இன்டக்ரல் இருக்கும் பக்கத்தை ஒரு வாரம் மூடி வையுங்கள்.

ஒரு மாத்திரை, 100 மில்லிகிராம். உடம்பில் இருக்கும் மருந்தில் பாதி ஒவ்வொரு நாளும் வெளியேறிவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை விழுங்கினால் அன்று 100, மறுநாள் 50, அப்புறம் 25, 12.5. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பயமுறுத்துகிறார்களே, அது இந்த வரிசைதான். இப்போது திங்களன்று ஒரு மாத்திரை, செவ்வாயன்று மறதியில் இரண்டு, புதனன்று எதுவும் போடவில்லை. புதனன்று உடம்பில் எவ்வளவு இருக்கும்? திங்கள் மாத்திரை போட்டு இரண்டு நாளாகிவிட்டது, மிச்சம் 25. செவ்வாய் மாத்திரைகள் போட்டு ஒரு நாள், இரண்டும் சேர்ந்து 100. மொத்தம் 125. இப்படிப் பெருக்கிக் கூட்டுவதுதான் கன்வல்யூஷன். முதலில் போட்டது வரிசையில் தள்ளியிருக்கும் எண்ணோடும், பிறகு போட்டது முன்னால் இருக்கும் எண்ணோடும் பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். முன்னால் விழுங்கியது அதிக நாள் கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் எதையும் திருப்பவில்லை, கணக்கு தானாகவே அப்படி வந்து நிற்கிறது.

இதில் இரண்டு அனுமானங்களைச் சத்தமில்லாமல் நுழைத்துவிட்டேன். இரண்டு மாத்திரை போட்டால் விளைவும் சரியாக இரண்டு மடங்கு, எந்தக் கிழமையில் போட்டாலும் ஒரே மாதிரிதான் கரையும். லீனியர், டைம் இன்வேரியன்ட் என்பவை இவைதான். இவை எல்லா இடத்திலும் செல்லாது. சாராயத்தை உடம்பு 'இருப்பதில் பாதி' என்று வெளியேற்றுவதில்லை, ஏறக்குறைய மணிக்கு இவ்வளவு என்ற ஒரே வேகத்தில்தான், அங்கே இந்தக் கணக்கு படுத்துவிடும்.

சரி, இதையே ஒரு மாடலாக, அதாவது ஒரு விதியாக எழுதலாம். இன்றைய அளவு = நேற்றையதில் பாதி + இன்று போட்டது. இந்த ஒரு வரிதான் மாடல். தினமும் ஒரு மாத்திரை போட்டால் 100, 150, 175 என்று ஏறி 200ஐ நெருங்கும். ரெசிஸ்டர் வழியாக கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் வளைவைப் பார்த்திருப்பீர்களே, அதே குடும்பம். அங்கே 1 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் என்றால் நாளுக்குப் பதில் மில்லிசெகண்டில் கணக்கு ஓடும்.

ஃபூரியருக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. இசிஜி மாதிரி சின்ன சிக்னலில் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறிவிடும். செகண்டுக்கு 1000 சாம்பிள் எடுத்து, அடுத்தடுத்த 20 சாம்பிளுக்குச் சராசரி போட்டுக்கொண்டே வாருங்கள். 50 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று சரியாக 20 மில்லிசெகண்ட், மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றையொன்று தின்றுவிட, இரைச்சல் காணாமல் போகும். கூடவே இதயத் துடிப்பின் கூர்மையான முனையும் மழுங்கிவிடும், அதனால் இதை அப்படியே டாக்டரிடம் நீட்ட முடியாது. எந்த அதிர்வெண் தப்பிக்கிறது, எது செத்துப்போகிறது என்ற கேள்வி இந்த இடத்தில் உங்களுக்கே வரும், அது வந்த பிறகு ஃபூரியர் பாடத்தைத் திறங்கள். ஆக்டேவ் என்ற கணக்கு மென்பொருள் இலவசம்தான், பத்து வரியில் இதைச் செய்து பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு பேப்பரில் வியாழக்கிழமைக் கணக்கை, மாத்திரை மாத்திரையாகக் கூட்டியும் அந்த ஒரு வரி மாடலை வைத்தும், இரண்டு வழியிலும் போடுங்கள், அன்றும் மாத்திரை இல்லை. 62.5 வராவிட்டால் மறுபடி எழுதுங்கள்.