ஜிடபிள்யூடி ஆர்பிசி பதிலைப் ப்ராக்ஸியில் எப்படிப் படிப்பது?

பர்ப் ப்ராக்ஸியில் (உலாவிக்கும் சர்வருக்கும் நடுவே போகும் தரவைப் பிடிக்கும் கருவி) பிடித்த ஜிடபிள்யூடி பதில் (கூகுள் வெப் டூல்கிட்டில் எழுதிய செயலிக்கு சர்வர் அனுப்புவது) வெறும் எண் குவியலாகத் தெரிகிறது, எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வலமிருந்து இடமாகப் படியுங்கள், பாதி வேலை முடிந்தது.

//ஓகே[3,2,1,["வாடிக்கையாளர்/1234","மதுரை","கயல்"],0,7]

கடைசி 7 நெறிமுறைப் பதிப்பு, 0 கொடி (அமைப்புகளைக் குறிக்கும் எண்). அடுத்தது சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) அட்டவணை. அதன் வரிசை எண் 1-இல் தொடங்கும், 0 என்றால் நல் (மதிப்பு இல்லை). அப்புறம் 1: கிளாஸ் (பொருளின் வகை) பெயர். 2, 3: அதன் புலங்கள், அதாவது மதுரை, கயல்.

சிக்கல் இங்கேதான். புலங்களின் பெயர் பதிலில் வராது; அந்தப் பெயர்களின் ஆங்கில அகரவரிசையில் மதிப்புகள் மட்டும் வரும். ஊரா பெயரா என்பது கிளாஸின் அமைப்பு தெரிந்தால்தான் உறுதி. எதிர்ம எண்ணும் அப்படியே: பொருள் (ஆப்ஜெக்ட்) வரவேண்டிய இடத்தில் -2 இருந்தால் ஏற்கெனவே படித்த பொருளைச் சுட்டுகிறது, முழு எண் புலத்தில் அது வெறும் மதிப்பு. அதனால் எல்லா எண்ணையும் அட்டவணையில் தேடும் ஸ்கிரிப்ட் தவறாகவே காட்டும்.

முதல் நான்கு எழுத்தை வெட்டிவிட்டு ஜேசான் பார்சரில் (ஜேசான் வடிவத் தரவைப் பிரிக்கும் நிரல்) போடலாம், சிறிய பதில்களுக்குப் பெரும்பாலும் சரி. பெரிய பதிலில் நடுவே ].கான்கேட்([ வரும், அதை முதலில் காற்புள்ளியாக மாற்றி, கடைசியில் வரும் ) குறியை நீக்குங்கள். //இஎக்ஸ் என்று தொடங்கினால் அது சர்வர் அனுப்பிய எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு). அதையும் இதே முறையில் பிரிக்கலாம்.