ஹஜ் வெயில்: வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

கேள்வி: எங்கள் அத்தாவுக்கு 68 வயது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. ஹஜ் கமிட்டி மூலம் பெயர் வந்திருக்கிறது. 2024ல் வெயிலில் ஆயிரம் பேருக்கு மேல் மவுத்தானார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அனுப்பலாமா, வேண்டாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: அனுப்புங்கள். ஆனால் அந்த வருஷம் என்ன நடந்தது என்பதை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், அம்மாவுக்கும் சொல்லுங்கள். 2024 ஜூன் 17 அன்று மக்காவின் பெரிய பள்ளிவாசலான மஸ்ஜிதுல் ஹராமில் வெயில் 51.8 டிகிரி. அந்த ஹஜ்ஜில் இறந்தவர்கள் 1,301 பேர் என்று சவூதி அரசு சொன்னது, அதில் 83 சதவீதம் பேர் ஹஜ் அனுமதி இல்லாமல் போனவர்கள். வெயிலுக்கு அனுமதிச் சீட்டு தெரியுமா என்று கேட்பீர்கள். சீட்டு இருப்பவருக்கு, ஹாஜிகள் தங்கும் மினாவிலும் ஹஜ்ஜின் முக்கிய நாளில் கூடும் அரஃபா மைதானத்திலும் ஏசி கூடாரம் உண்டு, பஸ் உண்டு, சாய்ந்து படுக்க ஒரு இடம் உண்டு. இல்லாதவர் கூடாரத்துக்குள் போக முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது, போலீஸ் கண்ணில் படாமல் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, பாலத்தடி நிழலிலோ நடைபாதையிலோ உட்கார வேண்டியதுதான். அப்படி நடந்தவர்களில் வயதானவர்களும் நோயாளிகளும்தான் நிறையப் பேர் விழுந்தார்கள். உங்கள் அத்தா நிலைமை அது அல்ல.

அதற்காகப் பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷம் ஜூன் 21 வரை 98 இந்தியர்கள் இறந்ததாக நம் வெளியுறவுத் துறை அறிவித்தது, பெரும்பாலும் நாள்பட்ட நோய், முதுமை என்று காரணம் சொன்னார்கள். ஆனால் பலவீனமான இதயமும் பழுதான கிட்னியும் உள்ளவரை அவ்வளவு வெயிலில் நடக்கவிட்டால் அந்த நோய்தான் முந்திக்கொண்டு வரும், ஒரு டாக்டராக இதை நான் மறைக்க முடியாது.

அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அத்தாவின் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். பிரஷருக்குத் தரும் நீர் பிரிய வைக்கும் மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை, இதெல்லாம் வெயிலில் உடம்பைச் சீக்கிரம் வற்ற வைக்கலாம், அல்லது உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வதைத் தடுக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. டாக்டர் அளவை மாற்றித் தருவார். இன்சுலின் போடுபவர் என்றால் அதைக் குளிர்ப்பையில் வையுங்கள், ஐஸ்கட்டி மேல் நேராக வைத்தால் உறைந்து வீணாகிவிடும்.

அப்புறம் கால். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். காபாவைச் சுற்றி வலம் வரும் தவாஃப் தளத்தில் பதித்திருக்கும் வெள்ளைச் சலவைக்கல் நடுப்பகலிலும் பாதத்துக்குக் குளிர்ச்சியாகவே இருக்கும். அதை நம்பி, வாசலில் விட்ட செருப்பு காணாமல் போனதும் பரவாயில்லை என்று வெறுங்காலோடு ரோட்டில் இறங்குகிறார்கள். சர்க்கரையால் மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, ரூமுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் அளவுக்குப் போவதும் உண்டு. ஒரு சுருக்குப் பை வாங்கிக் கொடுங்கள், செருப்பை அதில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளட்டும். இன்னொரு ஜோடியும் பெட்டியில் இருக்கட்டும்.

கேள்வி: ஹஜ்ஜுக்காகத் தைக்காத துணி உடுத்தியிருக்கும் இஹ்ராம் நிலையில் ஆண்கள் தலையை மறைக்கக் கூடாது. குடை பிடித்தால் குற்றமாகாதா? வெயிலைத் தாங்கிக்கொண்டு செய்தால்தான் நன்மை அதிகம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள்.
(வாசகர், காயல்பட்டினம்)

பதில்: மார்க்கச் சட்டத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தலையில் ஒட்டுகிற தொப்பி, துண்டு இவைதான் ஆண்களுக்குத் தடை. குடை, கூடாரம், பஸ் கூரை எதுவும் தடை இல்லை. நபி (ஸல்) அவர்கள் ஹஜ்ஜில் கல்லெறியும் இடமான ஜம்ராவில் கல்லெறிந்தபோது பிலால், உஸாமா (ரலி) இருவரில் ஒருவர் ஒட்டகத்தைப் பிடித்திருக்க, இன்னொருவர் துணியை உயர்த்தி வெயில் படாமல் நிழல் கொடுத்ததாக ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது. அவர்களே ஏற்றுக்கொண்ட நிழலை நாம் வேண்டாம் என்று சொல்வதில் என்ன நன்மை இருக்க முடியும்?

அரஃபா மைதானம் முழுவதுமே ஹாஜிகள் நின்று துஆ (பிரார்த்தனை) கேட்கும் இடம்தான். இருந்தும் உச்சி வெயிலில் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஜபலுர் ரஹ்மத் மலை மேல் ஏறினால்தான் மனசு நிறைகிறது பலருக்கு. பாறையில் நிழலே கிடையாது. 2025ல் சவூதி அரசு அரஃபா நாளில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கூடாரத்தை விட்டு வெளியே வர வேண்டாம் என்றே ஹாஜிகளிடம் கேட்டுக்கொண்டது. கூடாரத்துக்குள் உட்கார்ந்து கேட்கிற துஆவும் துஆதான். முடியாதவருக்காக இன்னொருவர் கல்லெறியலாம், அரஃபாவுக்குப் பிறகு இரவு தங்கும் முஸ்தலிஃபாவிலிருந்து பலவீனமானவர்கள் இரவிலேயே புறப்படலாம். இந்தச் சலுகைகள் யாருக்காக? 68 வயதில் மூச்சு வாங்குகிறவருக்காகத்தான். வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கூடப் போகிற பிள்ளைகளும் வற்புறுத்துங்கள்.

கேள்வி: ஒரு ஏஜென்ட் விசிட் விசாவில் அழைத்துப்போகிறேன், பாதிப் பணம் போதும் என்கிறார். நம்பலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன 83 சதவீதத்தில் பலர் இப்படித்தான் போனார்கள். 2024ல் எகிப்திலிருந்து மட்டும் 600 பேருக்கு மேல் இறந்ததாகச் செய்தி வந்தது, அந்த அரசு 16 டிராவல் கம்பெனிகளின் லைசென்ஸை ரத்து செய்தது. ரத்து செய்து என்ன, போனவர்கள் வரவா போகிறார்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்த காசைக் கொடுத்துவிட்டு, கடைசியில் பாலத்தடியில் தண்ணீருக்குத் தவித்தபடி உயிரை விடும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுபோய் விடுகிறவரை நான் ஏஜென்ட் என்றே சொல்ல மாட்டேன். அனுமதியில்லாமல் ஹஜ் செய்து பிடிபட்டால் 20,000 ரியால் வரை அபராதம் என்று 2025ல் அறிவித்தார்கள். உங்கள் ஏஜென்ட் இதையெல்லாம் சொன்னாரா?

கேள்வி: கூட வருபவர் வெயிலில் மயங்கினால் என்ன செய்வது? வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்கிறார்களே?
(வாசகி, ஆம்பூர்)

பதில்: வியர்வையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். பேச்சைக் கவனியுங்கள். சம்பந்தமில்லாமல் பேசுவது, கூடாரம் எங்கே என்று தெரியாமல் விழிப்பது, காரணமில்லாமல் கோபப்படுவது, தள்ளாடுவது, இதெல்லாம் மூளைக்குச் சூடு ஏறிவிட்டதன் அடையாளம். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 'களைப்பு, கொஞ்சம் படுக்கட்டும்' என்று விடுகிற அரைமணி நேரத்தில் உயிர் போய்விடலாம். உதவிக்குக் கத்துங்கள், நிழலுக்கு நகர்த்துங்கள், கிடைக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

இதில் மருத்துவ உலகமே மக்காவிடம் பாடம் படித்திருக்கிறது. இதற்கு முன் கோடையில் ஹஜ் வந்த 1980களில், வலைக் கட்டிலில் நோயாளியைக் கிடத்தி, தண்ணீரைப் பனிபோலத் தூவி, மேலே வெதுவெதுப்பான காற்றை அடித்து ஆறவைக்கும் படுக்கையை அங்கே பயன்படுத்தினார்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நீங்கள் விசிறியால் செய்வதும் அதையேதான்.

மக்கா காற்று வறண்டது, வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், சிறுநீர் அடர் மஞ்சளானால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம். தண்ணீரோடு நாலைந்து ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டும் இடுப்புப் பையில் இருக்கட்டும். இதயம், கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மட்டும் டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஹஜ் இனி குளிர்காலத்துக்கு நகர்கிறதாமே. எனக்கு 61 வயது. காத்திருந்து போகலாமா?
(வாசகர், கீழக்கரை)

பதில்: பிறைக் கணக்கில் வருஷத்துக்குப் பத்து, பதினோரு நாள் முன்னால் வருகிறது. 2024ல் ஜூன் நடுவில் இருந்தது 2026ல் மே கடைசிக்கு வந்துவிட்டது. 2030ல் ஏப்ரல் நடுவிலும் 2033ல் மார்ச்சிலும் வரும். உண்மையான குளிர் வேண்டுமென்றால் உங்களுக்கு எழுபது தாண்டிவிடும், அதற்குள் முழங்காலும் இதயமும் எப்படி இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? இப்போது நடக்க முடிகிறது என்றால் இப்போதே விண்ணப்பம் போடுங்கள். மே மாத மக்காவிலும் 40 டிகிரி சர்வசாதாரணம், அதனால் குடையும் ஓஆர்எஸ்ஸும் அவசியம். இன்றிலிருந்தே தினமும் அரைமணி நேரம் நடந்து பழகி, போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து அந்த நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை ஒன்பது மணி வெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.