மிஸ்டர் பீன் படிப்பை எப்போது விட்டார்? காமெடிக்குப் போக நினைக்கும் இஞ்சினியரிங் மாணவரின் பெற்றோருக்கு

மூன்றாம் ஆண்டு இ.இ.இ. (மின் மற்றும் மின்னணுப் பொறியியல்) படிக்கும் பையன், "படிப்பை நிறுத்திட்டு காமெடிக்கே போறேன், மிஸ்டர் பீனே இஞ்சினியர்தானே" என்று வந்து நின்றால் எந்த வீட்டிலும் அன்றைக்குச் சோறு இறங்காது. கோபப்படும் முன் ஒன்று செய்யுங்கள். அவன் காட்டுகிற அதே மனிதரின் வாழ்க்கையை, அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவன் சொல்வது பாதி உண்மை. உங்களுக்கு வேண்டிய பதில் மீதிப் பாதியில் இருக்கிறது.

மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் பிறந்தது 1955 ஜனவரி 6, வடக்கு இங்கிலாந்தில் கான்செட் என்ற ஊரில். அப்பா விவசாயி. டர்ஹமிலும் செயின்ட் பீஸிலும் பள்ளிப்படிப்பு. பிறகு நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மின் மற்றும் மின்னணுப் பொறியியல். பாதியில் விடவில்லை, பட்டம் வாங்கினார். 1975-இல் முதுகலைக்காக ஆக்ஸ்ஃபோர்டின் குயின்ஸ் கல்லூரிக்குப் போனார். மேடை அவரைப் பிடித்துக்கொண்டது அங்கேதான்.

ஏன் அங்கே? இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் நாடகக் குழுக்களும், ஆக்ஸ்ஃபோர்டு ரெவ்யூ என்ற நகைச்சுவைக் குழுவும் இருந்தன. அரங்கமும் பார்வையாளர்களும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்க, சொதப்பினாலும் பெரிதாக நஷ்டமில்லை. அதைவிட முக்கியம், அங்கே கிடைத்த ஆட்கள். எழுத ரிச்சர்ட் கர்ட்டிஸ், இசைக்கு ஹோவர்டு குடால். பின்னாளில் 'பிளாக்ஆடர்', 'மிஸ்டர் பீன்' ஆகிய இரண்டு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களிலும் இதே இருவரின் பெயர்கள் இருக்கின்றன. அட்கின்சன் தனி ஆளாகப் புகழ் பெற்றார் என்று நினைப்பது தவறு. உங்கள் பையன் தனியாக ரீல்ஸ் போட்டு லைக் எண்ணிக்கொண்டிருந்தால், நான் முதலில் கேட்பது, "உனக்கு எழுதித் தருபவர் யார், நீ செய்வது நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர் யார்?" என்றுதான்.

படிப்பும் கூடவே ஓடியது. அவருடைய முதுகலை ஆய்வேடு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் கட்டுப்பாட்டு முறை பற்றியது, 1978-இல் வெளிவந்தது. இ.இ.இ. மாணவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வெளியீட்டை அளந்து பார்த்து, கட்டுப்படுத்தும் கருவி தன் அளவுகளைத் தானே மாற்றிக்கொள்ளும். மேடைப் பயிற்சியும் இப்படித்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் போனில் ஒலிப்பதிவு செய்து, மறுநாள் கேட்டு, சிரிப்பு எந்தச் சொல்லுக்கு வந்தது, எங்கே வரவில்லை என்று எழுத்துப் பிரதியில் குறித்து, வராத இடத்தை வெட்டி, மறுபடி ஏற வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். நண்பர்கள் சிரித்ததை வைத்துக்கொண்டு ஒரே பகுதியை மாற்றாமல் பேசுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அது விழுந்துவிடும்.

இப்போது அந்தத் தாளில் ஆண்டுகளை எழுதுங்கள். 1976 ஆகஸ்ட்டில் எடின்பரோ கலை விழாவையொட்டி நடக்கும் ஃபிரின்ஜ் மேடையில் ஆக்ஸ்ஃபோர்டு குழுவோடு நடித்துப் பெயர் வெளியே தெரிந்தது. 1979-இல் பிபிசி ரேடியோ 3-இல் தொடர், அதே ஆண்டு பிபிசி தொலைக்காட்சியில் 'நாட் தி நைன் ஓ'கிளாக் நியூஸ்' என்ற நகைச்சுவைத் தொடர். 1981-இல் லண்டனின் நாடக அரங்குப் பகுதியான வெஸ்ட் எண்டில் சொந்த மேடை நிகழ்ச்சி, அதற்கு பிரிட்டனின் பெரிய நாடக விருதான ஆலிவியே விருது. 1983-இல் 'பிளாக்ஆடர்'. 'மிஸ்டர் பீன்' முதலில் ஒளிபரப்பானது 1990 ஜனவரி 1. ஆக்ஸ்ஃபோர்டில் காலடி வைத்ததிலிருந்து பதினைந்து ஆண்டுகள்! முதுகலைக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கிக் கைவிட்டார் என்பது உண்மை. ஆனால் அதற்குள் இரண்டு பட்டங்களுக்கான படிப்பு பின்னால் இருந்தது, மேடை வாய்ப்பு முன்னால் வந்து நின்றது. கையில் எதுவும் இல்லாமல் அவர் எதையும் விடவில்லை.

முதல் 'மிஸ்டர் பீன்' பகுதியில் தேர்வு அறைக் காட்சி ஒன்று உண்டு. குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். பை நிறையப் பேனா, பொம்மைகளை எடுத்து மேஜையில் அடுக்குகிறார். தான் படித்தது திரிகோணமிதி, உறையிலிருந்து உருவியதோ நுண்கணிதத் தாள். பக்கத்து மாணவரின் விடைத்தாளை எட்டிப் பார்க்க அவர் படும் பாட்டில் பேச்சே கிட்டத்தட்ட இல்லை. நேரம் முடியும்போதுதான், உறைக்குள் திரிகோணமிதித் தாளும் இருந்தது தெரிகிறது. எதையும் வாய்விட்டு விளக்காமலே ஒவ்வொரு நகர்வும் அடுத்ததற்குக் காரணமாகிறது. அந்தக் கட்டமைப்பை உங்கள் பையனால் பிரித்து எழுத முடிகிறதா என்று பாருங்கள். சிரித்துவிட்டுப் போவது ரசிகன் வேலை. பிரித்துப் பார்க்கிறவனுக்கே இந்தத் தொழில் கைவரும். இந்தக் கதாபாத்திரத்தையும் அட்கின்சன் சோதித்துத்தான் பார்த்தார்: 1987-இல் கனடாவின் மொன்றியால் நகைச்சுவை விழாவில், வேண்டுமென்றே பிரெஞ்சு மொழி நிகழ்ச்சியில் மேடையேறினார், ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் பீன் புரிகிறாரா என்று அறிவதற்காக.

உங்கள் பிள்ளைக்குத் திக்குவாய் இருந்தால் ஒரு வார்த்தை. அட்கின்சனுக்கும் திக்கல் உண்டு. வேறொரு பாத்திரமாக மாறும்போது அது விலகுவதாக அவரே சொல்லியிருக்கிறார். இதனால் மேடை எல்லோருடைய திக்கலுக்கும் மருந்து என்று ஆகிவிடாது. பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிப்போங்கள். ஆனால் திக்கலைக் காட்டி மேடையைத் தடுக்காதீர்கள்.

அடுத்து நடைமுறை. படிப்பு முடியும்வரை அரியர் விழக்கூடாது, இது முதல் நிபந்தனை. பதிலுக்கு நீங்கள் வாரத்தில் இரண்டு மாலைகளை முழுசாக அவனுக்கு விட்டுக்கொடுங்கள், முணுமுணுக்காமல். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறும் ஓபன் மைக் நிகழ்ச்சியில் புதியவருக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடம் உறுதியாக நிற்க மாதக்கணக்கில் ஆகும். கடைசி செமஸ்டருக்குள் இருபது முறையாவது தெரியாத கூட்டத்தின் முன் ஏறியிருக்கட்டும். பட்டம் வாங்கிய பிறகு வேலையோ மேற்படிப்போ பார்த்துக்கொண்டே இரண்டு ஆண்டு அவகாசம். எந்தத் தேதியில் முடிகிறது என்பதை இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிவையுங்கள். அந்த நாளில் பார்க்க வேண்டியவை: கூப்பிட்டுக் காசு கொடுக்கிறார்களா, கூட எழுதும் ஆள் அமைந்திருக்கிறாரா, கையில் முப்பது நிமிடச் சரக்கு இருக்கிறதா. மூன்றில் இரண்டு இருந்தால் இன்னும் ஓராண்டு கொடுக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் நிகழ்ச்சித் தயாரிப்பு, எழுத்து, ஒலி, ஒளியமைப்பு ஆகிய வேலைகளைப் பற்றிப் பேசுங்கள். இ.இ.இ. படித்தவனுக்கு அங்கே உடனே மதிப்பு உண்டு.

இந்த வாரமே அவனிடம் ஐந்து நிமிடப் பகுதியை எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டரைப் பக்கம் வரும். வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டு, எங்கே சிரிப்பு வந்தது என்பதைப் பென்சிலால் குறித்துத் திருப்பிக் கொடுங்கள்.